ஆளுக்கொரு குளம்

விளையாட்டு செய்யும் கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீங்கள் வீட்டில் சொன்னபோது, "அப்ப நாள் முழுக்க விளையாடலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நீங்களும் மறுத்திருக்க மாட்டீர்கள். இப்போது ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடி, அது எப்போது சுவருக்குள் சிக்குகிறது என்று பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். நல்லது. அந்த ஏமாற்றத்தோடு இதை வாசித்தால் கொஞ்சம் உறைக்கும்.

நான் இந்தத் தொழிலிலிருந்து ஓய்ந்துவிட்டேன். என் கண்ணும் மணிக்கட்டும் சேர்ந்து எடுத்த முடிவு அது, என்னைக் கேட்கவில்லை. போகும்போது புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தக் கருவியை எப்படிப் பாவிப்பது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதை எழுதப்போவதில்லை. சமநிலை, சமநிலை என்று தேநீர் குடிக்கும்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வெல்லக்கூடியதாக இருப்பதுதான் சமநிலை. சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். அதை நம்புவதற்கு எனக்கு வவுனியாவில் நெடுநாள் பிடித்தது.

போர் நின்றிருந்த சமாதான காலம் அது. பாதை திறந்திருந்தது, வன்னியின் உள்ளே இருந்தவர்கள் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி வவுனியாவுக்கு வந்து போனார்கள். கடைவீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நான் கொம்பியூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கடை முதலாளி ஒரு முஸ்லிம் வியாபாரி. இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். கீழே சாறமும் சேலையும், மேலே கொம்பியூட்டர்கள். காலையில் வகுப்பு. பின்னேரம் அதே கொம்பியூட்டர்களில் பெடியளை விளையாட விடுவோம். காலையில் காய்ச்சல் என்று சொல்லி வகுப்புக்கு வராதவர்கள் பின்னேரம் சுகமாகி வந்துவிடுவார்கள்.

அங்கே எல்லோரும் விளையாடியது வெளிநாட்டில் செய்த ஒரு சரித்திரப் போர் விளையாட்டு. ஊர் கட்டி, தானியம் விளைவித்து, படை திரட்டி, எதிரியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். அதன் கோப்புகளைத் திறந்து படங்களையும் எண்களையும் மாற்றினால் அதையே வேறொரு விளையாட்டாக ஆக்கலாம். மொட் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். ஒருநாள் முதலாளி மேலே ஏறி வந்து, பெடியளின் தோளுக்கு மேலால் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன புள்ள, பிரான்ஸ்காரனும் இங்கிலீஸ்காரனும் அடிபடுறதையா நம்மட பெடியன்கள் பார்த்துக்கிட்டு இருக்கணும்? வன்னி ராசாவையும் பறங்கியையும் போடுங்களன்" என்றார் என்னிடம். பறங்கி என்று அவர் சொன்னது போர்த்துக்கேயரை.

அதைச் செய்தவன் குகன். நெடுங்கேணிப் பெடியன். என்னிடம் வகுப்புக்கு வந்து, சில மாதத்திலேயே என்னைத் தாண்டிப் போய், பிறகு அங்கேயே என்னோடு வேலைக்கு நின்றவன். அவனுடைய தகப்பனுக்கு வயலும் ஓர் உழவு இயந்திரமும் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு மகன் வவுனியாவில் அறை எடுத்து இருப்பது அவருக்கு அறவே பிடிக்கவில்லை. வரும்போதெல்லாம், "பொம்மையளை ஆட்டுறதுக்கு ஒரு உத்தியோகம். அங்க உழவு மெசின் சும்மா நிக்குது" என்று எனக்குக் கேட்கும்படியாகச் சொல்வார்.

குகன் அந்த விளையாட்டில் இரண்டு நல்ல காரியங்கள் செய்தான். ஒன்று குளம். வன்னியில் குளம் இல்லாமல் ஊர் இல்லை. ஆகவே விளையாட்டிலும் குளம் இருந்தால்தான் வயல், வயல் இருந்தால்தான் படைக்குச் சோறு என்று வைத்தான். வரைபடத்தில் நான்கு குளங்களை இட்டான். மற்றது படை. அந்தக் காலத்தில் வயல்காரர்தானே தேவை வந்தபோது ஈட்டி தூக்கியிருப்பார்கள்? ஆகவே மாரி மழையில் விதைத்த காலபோக நெல் விளைந்ததும், ஒவ்வொரு குளத்துக்கும் கொஞ்சப் பேர் படையிலிருந்து தாமாகவே விலகிப் போய், அறுவடையை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று விதி எழுதினான். கெட்டிக்கார விதி. அப்போதும் மெச்சினேன், இப்போதும் மெச்சுகிறேன்.

பிறகு வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

முதல் கிழமை முழுக்க ஒரே முறைப்பாடுதான். "அக்கா, எங்கட ஆக்கள் தோக்கினம்."

"ஆராவது தோக்கத்தானே வேணும்?" என்றேன்.

"அதுக்கு எங்கட ஆக்களோ?"

விளையாடத் தெரியாமல் தோற்றவர்களும் குகனைத்தான் முறைத்தார்கள். முதலாளி வியாபாரி, வருகிறவர்கள் முகம் சுழித்தால் அவருக்குத் தாங்காது. "கொஞ்சம் கூட்டி விடு தம்பி, என்ன குறைஞ்சு போகுது?" என்றார். குகன் ஈட்டியின் பலத்தைக் கூட்டினான். பிறகு யானையைக் கூட்டினான். அதுவும் போதாதென்று பறங்கியின் பீரங்கியைக் குறைத்தான். கடைசியில் யானை முட்டினால் கோட்டைச் சுவர் பப்படம் போல நொறுங்கியது. பீரங்கிக் குண்டு பட்ட யானை காதை ஆட்டிவிட்டு நடந்தது. பெடியள் கைதட்டினார்கள். எந்த வானொலியைத் திருப்பினாலும் அவரவர் தங்கள் பக்கத்து எண்ணைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்த நாடு அது; நாங்கள் செய்தது யாருக்கும் புதினமாகத் தெரியவில்லை.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிராக விளையாட வந்தால் இரண்டு பேருக்கும் வன்னிதான் வேண்டும். பறங்கியாக உட்கார ஒருவரும் இல்லை. இதற்காக மாடியில் கைகலப்பு நடந்து ஒரு கதிரையின் கால் உடைந்தது. ஆகவே பறங்கியைக் கொம்பியூட்டரிடமே விட்டுவிட்டோம். அதற்கு முறைப்பாடு சொல்லத் தெரியாது.

அடுத்து குளம். ஸ்கந்தபுரத்திலிருந்து சாமான் ஏற்ற லொறியோடு வரும் சின்னராசா என்பவர், ஏற்றி முடியும்வரை எங்கள் மாடியில்தான் இருப்பார். ஒருநாள் வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கட ஊர் எங்க?" என்று கேட்டார்.

"அண்ணை, அது பிறகு காடு வெட்டிக் குடியேறின ஊரெல்லே. பறங்கி காலத்தில இல்லை" என்றான் குகன்.

"ஊர் இல்லாட்டி என்ன, நிலம் இருந்ததுதானே? நிலத்தையும் பிறகு லொறியில ஏத்திக்கொண்டு வந்தே போட்டவை?"

ஒரு குளம் போட்டுக் கொடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் வந்தார், அவருக்கும் போட்டோம். செட்டிகுளத்தார் கோபித்துக்கொண்டே வந்தார்கள். தகப்பனைக் குளிர்விக்கலாம் என்று நினைத்து, குகன் தன் நெடுங்கேணிக்கும் ஒன்று போட்டான். தகப்பன் அதைப் பார்த்துவிட்டு, "குளத்துத் தண்ணி திறக்கிற வான் கதவு பிழையான பக்கத்தில இருக்கு" என்றார். ஆனால் அன்று வழமையைவிடக் கூட நேரம் நின்றார். இப்படியே போய், வரைபடத்தில் காட்டைத் தேட வேண்டிய நிலை வந்தது.

இவ்வளவு மாற்றியும் ஒரு பிழையும் வரவில்லை என்று எங்களுக்கு ஒரே பெருமை. வராததற்குக் காரணம் எங்கள் கெட்டித்தனம் அல்ல. வன்னிப் பக்கம் அவ்வளவு பலமாக இருந்ததால், நெல் விளைவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடும். குகன் எழுதிய அந்த அறுவடை விதியை, குளங்கள் கூடியபிறகு, எங்களில் ஒருவர்கூடக் கண்ணால் கண்டதில்லை. உங்களிடம் யாராவது வந்து "நாங்கள் நிறைய விளையாடிப் பார்த்தோம், பிழையே இல்லை" என்று சொன்னால், எந்தப் பக்கத்தில் இருந்து விளையாடினீர்கள் என்று கேளுங்கள். முகம் கறுக்கும். பரவாயில்லை.

இந்த நிலையில் முதலாளிக்குத் தெரிந்தவர்கள் மூலமாகக் கொழும்பிலிருந்து ஒரு பெண் வர ஒத்துக்கொண்டார். விளையாட்டு செய்யும் கம்பனி ஒன்றில் ஆட்களைத் தெரிவு செய்பவர் அவர். விளையாட்டைப் பார்ப்பார், பிடித்தால் குகனைத் தன்னோடு வேலைக்கு எடுப்பார். குகன் அந்தச் செய்தியை ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். தகப்பன் யோசித்துவிட்டு, "சரி, நானும் வந்து பாக்கிறன். அவா வேண்டாமெண்டு சொன்னாவெண்டா அண்டைக்கே என்னோட வெளிக்கிட வேணும். பிறகு இந்தக் கதை இருக்கக்கூடாது" என்றாராம். குகன் ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். அந்தப் பெடியன் உழவு இயந்திரத்தில் ஏறினால் திரும்ப இறங்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாள் வந்தது. மாடியில் நிற்க இடம் இல்லை. தங்கள் குளத்தைக் கொழும்புக்குக் காட்ட எல்லா ஊரும் வந்திருந்தது. குகனின் தகப்பன் தோளில் சால்வையோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். வந்தவர் தமிழ்ப் பெண், பருத்திச் சேலை, அதிகம் பேசவில்லை. முதலாளி அவரிடம், "மிஸ், நீங்க வன்னிப் பக்கம் எடுங்க" என்று உபசரித்தார்.

"வேணாம், நான் போர்த்துக்கேயர் பக்கம் விளையாடுறேன்" என்றார் அவர்.

மாடி முழுவதும் அவரைப் பாவமாகப் பார்த்தது. குகன் வன்னிப் பக்கம் உட்கார்ந்தான். வழமைபோல யானையை அனுப்பியிருந்தால் அவர் கைப்பையைக் கீழே வைப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். முதலாளி குனிந்து அவன் காதில், "தம்பி, விருந்தாளி. எடுத்த எடுப்பில அடிச்சுப் போடாத. தேத்தண்ணி வரட்டும்" என்றார்.

அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது. குகன் பறங்கிக் கோட்டையைச் சுற்றிப் படையை நிறுத்திவிட்டு, தேநீருக்காகக் காத்திருந்தான். எதிர்க்கடையில் அன்று பார்த்துத் தேநீர் சுணங்கியது. பிறகு தேநீர் வந்தது, சீனி போதாதென்று திரும்பிப் போனது. ரோல்ஸ் வந்தது. முதலாளி இன்னொன்று எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார். விளையாட்டுக்குள் மாரி பெய்து ஓய்ந்தது. வயல்கள் மஞ்சளாகின.

அடுத்த கணம் கோட்டையைச் சூழ்ந்து நின்ற வன்னிப் படை முழுவதும் முதுகைத் திருப்பியது. ஈட்டியைக் கீழே போட்டது. வரிசையாக வீட்டை நோக்கி நடந்தது. குளத்துக்குக் கொஞ்சப் பேர் என்பதுதான் விதி. குளம் நான்காக இருந்தபோது படையில் ஒரு பகுதிதான் போகும். இப்போது ஆளுக்கொரு குளம் இருந்ததால் ஒரு ஆள் மிச்சமில்லை. யானைகள் மட்டும் நின்றன, அவற்றுக்கு வயல் இல்லை.

கொழும்புப் பெண் ரோல்ஸைக் கீழே வைத்தார். "என்ன இது, எங்க போறாங்க?"

முன்வரிசையிலிருந்து குகனின் தகப்பன்தான் சொன்னார். "நெல்லு வெட்டப் போறாங்கள். விளைஞ்சதை விட்டிட்டு ஆர் சண்டைக்கு நிப்பான்?"

அந்தப் பெண் சிரித்தார்; ஆனால் விடவில்லை. மூன்று பீரங்கிகளை வெளியே எடுத்து ஊர் ஊராகப் போனார். அறுவடையில் இருப்பவன் அதை முடிக்கும்வரை வேறொன்றும் செய்யமாட்டான் என்பதும் குகனின் விதிதான். ஆகவே பக்கத்து வயலில் குண்டு விழ, எங்கள் படை குனிந்து நெல் வெட்டிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. சின்னராசா தலையில் கை வைத்துக்கொண்டார்.

குகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பின்கதவோடு நின்றேன், கதவுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் சண்டையாக மாறும்போது நான் ஜெனரேட்டரை நிறுத்தி "கரண்ட் போயிட்டுது" என்பேன், எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள். முதலாளியும் கண்ணால் அதையே சொன்னார். என் கை கதவுக் கொளுக்கியில்தான் இருந்தது. திறக்கவில்லை. அந்தப் பெண் அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். இனி இருட்டாக்கினால், பிழையோடு சேர்த்து எங்களையும் எடைபோட்டுவிடுவார். பிழை அகப்பட்டபிறகு திரையை மூட நினைப்பவனை நம்பி நான் எந்த வேலையும் கொடுக்கமாட்டேன், அவரும் கொடுக்கமாட்டார் என்று தோன்றியது. மாட்டேன் என்று குகனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

அந்தப் பெண் விளையாட்டை நிறுத்திவைத்தார். "சரி. இதை எப்படித் திருத்துவீங்க? இப்ப, எனக்கு முன்னால."

மாடி விழித்துக்கொண்டது. "பீரங்கியை இன்னும் குறை!" "வெட்டுறவன்ர பலத்தைக் கூட்டு!" "அரிவாளுக்கும் பலம் குடு!" குகனின் விரல்கள் பழக்கத்தில் எண்களைத் தேடிப் போய்விட்டன. வாடிக்கையாளர் சத்தத்துக்கு விரல் தானாக அசைவது ஒரு வியாதி. உங்களில் சிலருக்கு இப்போதே தொற்றியிருக்கிறது.

"குகன், எண்ணில கை வையாத. குளத்தை எடு" என்றேன்.

"எந்தக் குளத்தை அக்கா?"

அவ்வளவுதான், சத்தம் நின்றுவிட்டது. போட்டுக்கொடுத்த குளங்களின் சொந்தக்காரர் எல்லோரும் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். சின்னராசா ஒரு அடி முன்னால் வந்தார். யாருடைய ஊரில் முதலில் கை வைத்தாலும் அந்த மாடி அவனை உயிரோடு விடாது. எனக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குகன் சுட்டியை வடகிழக்கே, தன் ஊர்ப் பக்கம் கொண்டுபோனான். நெடுங்கேணிக் குளத்தைத் தொட்டு அழித்தான். குளத்தோடு வயலும் வீடுகளும் போய், அந்த இடத்தில் காடு வந்தது. தகப்பன் முன்வரிசையில் இருக்கிறார். அவன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தன் ஊரையே முதலில் எடுத்தவனிடம் போய் என் ஊரை விடு என்று எப்படிக் கேட்பது? செட்டிகுளம் போனது. ஸ்கந்தபுரம் போனபோது சின்னராசா, "பறங்கி காலத்தில இல்லாத ஊர்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். பழைய நான்கு குளங்கள் மிஞ்சின. அதன்பிறகு குகன் ஈட்டியையும் யானையையும் பீரங்கியையும் முதலில் இருந்த எண்ணுக்கே கொண்டுவந்தான். யாரும் சொல்லாமலே செய்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

மறுபடி விளையாடினார்கள். அறுவடை வந்தது. படையில் ஒரு பகுதி போக, மிச்சப்பேர் தடுமாறிக்கொண்டு நின்று பிடித்தார்கள். யார் வெல்வார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த மாடியில் முதல்தடவையாக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டத்தைப் பார்த்தோம். மயிரிழையில் குகன் தோற்றான். ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

கொழும்புப் பெண் எழுந்து, "மாசம் பிறந்ததும் வாங்க" என்றார் குகனிடம். முதலாளியிடம் தேநீர் நன்றாக இருந்தது என்றார். அது பொய். இறங்கிப் போய்விட்டார்.

குகன் அப்போதுதான் தகப்பன் பக்கம் திரும்பினான். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஒரு விரலால ஊரை இல்லாமல் ஆக்கிப்போட்டாய் என்ன" என்றார்.

"அப்பா, அது சும்மா படம்..."

"படமெண்டாப் பிறகேன் என்னைத் திரும்பிப் பாக்காமல் அழிச்சனி?"

பெரியவர் அந்தப் பெண் விட்டுப்போன கதிரையைப் பார்த்தார். பிறகு அதில் போய் இருந்தார்.

"என்ர ஊரைத்தான் காணேல்லையே. இனி ஆர் வெண்டா எனக்கென்ன? சின்னராசா, நீ உங்கால வன்னிப் பக்கம் இரு. இந்தப் பறங்கியை நான் ஒருக்காப் பாக்கிறன்."

அந்தப் பறங்கிக் கதிரையில் எங்களில் ஒருவர் விரும்பி உட்கார்ந்தது அன்றுதான். சுட்டியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். சின்னராசா ஒரு பக்கத்தால் யானைகளைக் கொண்டுவர, பெரியவர் கோட்டை வாசலில் பீரங்கியை மாறி மாறி இழுத்து, எங்களுக்குத் தெரியாத இரண்டு பிழைகளை அங்கேயே கண்டுபிடித்து, அவற்றுக்காகக் குகனைத் திட்டவும் செய்தார். நெடுங்கேணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முதலாளி சொன்னார். பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குகன் பக்கத்தில் போய் நின்று மெதுவாகக் கேட்டான். "அப்பா, அப்ப நான் கொழும்புக்குப் போகட்டோ?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போறதெண்டாப் போ. முதல் இந்தப் பீரங்கியை எப்பிடித் திருப்புறதெண்டு காட்டிப்போட்டுப் போ. யானை கிட்ட வந்திட்டுது."